தாமதம் இரண்டு பக்கத்துக்கும் தாமதம்தானே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவமனைகளில் இருக்கும் சி.டி. ஸ்கேன் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது என் வேலை. எங்கே இயந்திரம் நின்றுபோனாலும் மறுநாள் காலைக்குள் நான் அங்கே இருக்க வேண்டும். அதனால் 18 வருடமாக மாதத்துக்கு ஆறேழு முறை விமானம் ஏறி இறங்குகிறேன். ஜன்னலோரம் உட்கார்ந்து மேகம் பார்க்கும் ஆசையெல்லாம் முதல் வருடத்தோடு தீர்ந்துவிட்டது. எனக்கு விமானம் டவுன் பஸ் மாதிரிதான். என்ன, பஸ்ஸில் இதுவரை யாரும் என்னிடம் உட்காருவதற்குத் தனியாகக் காசு கேட்டதில்லை.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். கருவிப் பெட்டியை செக்-இன் செய்ய வேண்டியிருந்தது. பெரிய ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவரையெல்லாம் கையோடு கொண்டுபோக விடமாட்டார்கள். புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பு கவுன்டரை மூடுவார்கள். நான் போய் நின்றபோது 58 நிமிடம் இருந்தது. கவுன்டரில் இருந்த தம்பி என் முகத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சிஸ்டம் எடுக்காது சார்" என்றார். அவர் மீது எனக்குக் கோபமில்லை. அவர் கையில் ஒன்றும் இல்லை என்பது அவர் குரலிலேயே தெரிந்தது. டிக்கெட் போயிற்று. அடுத்த விமானத்துக்கு முதல் டிக்கெட்டைப் போல மூன்று மடங்கு கொடுத்து வாங்கினேன். அப்புறம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை விட்டுவிட்டுப் போக வேண்டிய விமானம் 1 மணி 40 நிமிடம் அங்கேயே நின்றது. அதில் என் இருக்கை காலியாகப் போயிற்றோ, வேறு யாருக்காவது விற்றார்களோ, தெரியாது.

சரி, விதி என்றால் விதிதான், இரண்டு நிமிடத்துக்குத் தண்டம் கட்டியாயிற்று என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். மூன்றாம் நாள் திரும்பி வர அதே நிறுவனத்தின் விமானம். இந்த முறை தாமதம் அவர்களுடையது. முதலில் 40 நிமிடம் என்றார்கள். அது முடியும் நேரத்தில் இன்னொரு 40 நிமிடம். இப்படித் துண்டு துண்டாக நறுக்கி நறுக்கி ஐந்து மணி நேரம். மொத்தமாகச் சொல்லியிருந்தால் பாதிப் பேர் வேறு வழி பார்த்துக்கொண்டு போயிருப்பார்கள், அதனால்தான் சொல்லவில்லை என்பது என் சந்தேகம். கடைசியில் "ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று ஒலிபெருக்கியில் வந்தது. என் இரண்டு நிமிடத்துக்கு ஒரு டிக்கெட். அவர்களுடைய ஐந்து மணி நேரத்துக்கு ஒரு பதிவுக் குரல்.

அத்தோடு முடியவில்லை. எனக்கு இடது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. காலை மடக்கி வெகுநேரம் உட்கார முடியாது. அதற்காகவே தனியாகப் பணம் கட்டி, முன்வரிசையில் நடைபாதை ஓர இருக்கை எடுத்திருந்தேன். விமானத்தை மாற்றிவிட்டார்களாம். என்னைக் கடைசி வரிசையில் நடு இருக்கைக்குத் தள்ளினார்கள். அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். இணையதளத்தில் ஓர் உரையாடல் பெட்டி திறந்தது. என் பெயரைச் சொல்லி நலம் விசாரித்தது. கால் மணி நேரம் கழித்து, "இருக்கைக் கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது" என்று சொல்லி, இந்த உரையாடலுக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்றும் கேட்டது. வாங்கிய பொருளையே கொடுக்காதபோது விற்பனை எங்கே நடந்தது? மளிகைக்கடையில் இப்படிச் சொன்னால் சண்டை வந்துவிடும்.

எடை விஷயத்திலும் இதே கதைதான். ஏறும் வாசலில் என் கைப்பையைத் தராசில் வைத்தார்கள். 7 கிலோ அனுமதி, காட்டியது 7.9. கூடுதல் கட்டணம் கட்டுங்கள் என்றார் அங்கிருந்த பெண். நான் பையைத் திறந்து மல்டிமீட்டரை எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன். சார்ஜரையும் கேபிள் சுருளையும் கோட்டுப் பைக்குள் திணித்தேன். மறுபடி வைத்தால் 6.8. "இப்போ ஓகே சார்" என்றார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கட்டணத்துக்குக் காரணம் எடைதான் என்றால், அந்த 1.1 கிலோ என் உடம்பில் தொங்கிக்கொண்டு அதே விமானத்தில்தானே வந்தது?

பெட்டிக்குத் தனிக் கட்டணம் என்பது அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களுக்கு எப்படி வந்தது என்பது நினைவிருக்கிறது. 2008இல் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 140 டாலரைத் தாண்டியது. எரிபொருள் செலவைக் காரணம் காட்டி அமெரிக்கன் ஏர்லைன்ஸ் செக்-இன் செய்யும் முதல் பெட்டிக்கே 15 டாலர் கேட்டது. மற்ற பெரிய நிறுவனங்கள் பலவும் ஒவ்வொன்றாகப் பின்னால் வந்தன. அதே வருடம் டிசம்பரில் எண்ணெய் 40 டாலருக்கும் கீழே இறங்கியது. பெட்டிக் கட்டணம் இறங்கவில்லை. எண்ணெய் விலையைச் சொல்லி உள்ளே வந்த விருந்தாளி வீட்டுக்காரர் ஆகிவிட்டார். இப்போது டிக்கெட் போடும்போது முதல் திரையில் ஒரு விலை. இருக்கை, பெட்டி, வரி, 'வசதிக் கட்டணம்' எல்லாம் ஏறிக் கடைசித் திரைக்கு வரும்போது அது வேறு விலை. யாருடைய வசதி என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. டைப் அடிப்பது நான், படிவம் நிரப்புவது நான், அட்டையை அச்சிடுவதும் நான்.

அடிக்கடி பறப்பவர்கள் சேர்த்து வைத்து டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளும் புள்ளிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1981இல் அமெரிக்காவில் இந்தத் திட்டங்கள் வந்தபோது பறந்த தூரத்துக்குத்தான் கணக்கு. 2015இல் டெல்டா, யுனைடெட் போன்ற பெரிய நிறுவனங்கள் கொடுத்த பணத்துக்குத்தான் புள்ளி என்று மாற்றிவிட்டன. 2020இல் கொரோனாவில் விமானங்கள் நின்றபோது, யுனைடெட் தன் புள்ளித் திட்டத்தையே அடமானம் வைத்துப் பல நூறு கோடி டாலர் கடன் வாங்கியது. ஆக, நம் புள்ளிகள் கடன் கொடுப்பவருக்குச் சொத்து. எனக்கோ, முழங்கால் சிகிச்சைக்காகப் பல மாதம் பறக்காமல் இருந்ததால் 40,000 புள்ளிகள் ஒரே இரவில் பூஜ்ஜியம். முன்கூட்டி ஒரு குறுஞ்செய்திகூட இல்லை. விளம்பரச் செய்தி மட்டும் தினம் வருகிறது.

வேறு மாதிரி நடத்த முடியாது என்று சொல்ல முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல் நடைமுறையில் இருக்கும் விதியின்படி, நிறுவனத்தின் தவறால் விமானம் ரத்தானாலோ மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலோ தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை இழப்பீடு கேட்கலாம். புயலுக்கும் பனிமூட்டத்துக்கும் அது கிடையாது, அதுவும் நியாயம்தான். அமெரிக்காவில் 2024இல் வந்த விதி இன்னும் எனக்குப் பிடித்தது: உள்நாட்டில் மூன்று மணி, வெளிநாட்டுக்கு ஆறு மணி நேரம் தாமதமாகி, நீங்கள் பயணத்தை வேண்டாம் என்றால் பணம் தானாகத் திரும்ப வேண்டும். காசு வாங்கிக்கொண்டு கொடுக்காத இருக்கைக்கும் பணத்தைத் திருப்ப வேண்டும். பயணி படிவம் நிரப்பிக் கெஞ்ச வேண்டியதில்லை.

என்னைப் போல் பெட்டி தொலைப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுப் பயணம் என்றால் விமான நிறுவனங்களின் பொறுப்பைச் சொல்லும் 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை இருக்கிறது. பெட்டி சேதமானால் கைக்கு வந்த 7 நாளுக்குள், தாமதமாக வந்தால் கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். வாயால் சொன்னது செல்லாது. என் கருவிப் பெட்டி ஒருமுறை நான்கு நாள் கழித்து வந்தது. ஸ்கேன் அறை வாசலில் நோயாளிகள் காத்திருக்க, நான் வெறும் கையோடு நின்றேன். புகார் எழுதத் தெரியாததால் அன்று ஒன்றும் கிடைக்கவில்லை.

நான் இலவசம் எதுவும் கேட்கவில்லை. முதல் திரையிலேயே முழு விலையைக் காட்டட்டும். கொடுக்காத இருக்கையின் காசைத் தானாகத் திருப்பட்டும். என் தாமதத்துக்கு எந்தக் கடிகாரமோ அதே கடிகாரத்தை அவர்கள் தாமதத்துக்கும் வைக்கட்டும். விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அதிகாரிகள் எந்த நாட்டில் இருந்தாலும் மாதம் ஒருமுறை, பதவியைச் சொல்லாமல், சொந்தக் காசில் டிக்கெட் போட்டு நடு இருக்கையில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைப் போட வேண்டாம். வரும் புதன்கிழமையும் அதே நிறுவனத்தில்தான் டிக்கெட் போட்டிருக்கிறேன். அந்த ஊருக்கு வேறு விமானம் இல்லை.

இப்படிக்கு,
ஸ்கேன் இயந்திரம் பழுதுபார்க்கும் ஒரு வாசகர்