கனடாவின் குடிவரவு வரலாற்றைத் தெரிந்து பேசுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

2025ஆம் ஆண்டுக்கான நிரந்தர வதிவிட இலக்கை 5 இலட்சத்திலிருந்து 3 இலட்சத்து 95 ஆயிரமாகக் கனடா குறைத்ததிலிருந்து, எல்லோரையும் வரவேற்ற நாடு மனம் மாறிவிட்டது என்ற பேச்சு யாழ்ப்பாணத்தில் வலுத்திருக்கிறது. உறவினர் ஒருவராவது அங்கு இல்லாத வீடு இங்கே அரிது என்பதால் அந்தக் கவலை நியாயமானதே. ஆனால் அக்கூற்று வரலாற்றுக்குப் பொருந்தாது.

சீனருக்கு 1885இல் 50 டொலர் தலைவரி விதித்து, 1903இல் அதை 500 டொலராக உயர்த்தி, 1923இல் அவர்களது வருகையையே ஏறத்தாழ முற்றாகத் தடுத்த நாடு அது. சொந்த நாட்டிலிருந்து இடைநில்லாமல் வருவோருக்கே அனுமதி என்ற 1908ஆம் ஆண்டு விதியைக் காட்டி, 1914இல் கொமகட்டா மாரு கப்பலில் வன்கூவரை அடைந்த 376 இந்தியரில் பெரும்பாலானோரை இரண்டு மாதங்கள் கப்பலிலேயே வைத்திருந்து திருப்பி அனுப்பியதும் அதே நாடுதான். கல்விக்கும் தொழிலுக்கும் மொழியறிவுக்கும் புள்ளியிட்டுக் குடிவரவாளரைத் தெரிவுசெய்யும் முறை 1967இல்தான் வந்தது.

நம்மவருக்கு முக்கியமானது 1985ஆம் ஆண்டு. அகதிக் கோரிக்கையாளரின் வாக்குமூலம் நம்பத்தக்கதா என்ற கேள்வி எழும்போது, அவரை நேரில் விசாரிக்காமல் நிராகரிக்கக் கூடாது என்று சிங் வழக்கில் கனேடிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்காடியோர் தமிழரல்லர், ஆயினும் அத்தீர்ப்பின் பயனை நாம் நிறையவே அனுபவித்தோம். மறு ஆண்டு நியூபவுண்லாந்துக் கடலில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள் மீட்டனர். அவர்கள் ஜேர்மனியிலிருந்து புறப்பட்டதை மறைத்தது தெரியவந்தபோது கனடாவில் கடும் எதிர்ப்புக் கிளம்பியது. அப்படியிருந்தும் பிரதமர் மல்ரோனி அவர்களைத் திருப்பியனுப்ப மறுத்தார். 2010இல் சன் சீ கப்பலில் வந்த 492 பேரையோ தடுப்புக்காவல் எதிர்கொண்டது. 2012இல் அகதிகள் தொடர்பான சட்டமும் இறுகியது.

கனடாவைக் குறைகூறும் நாம் நமது நாட்டின் சட்டத்தையும் மறக்கலாகாது. சீனர் மீதான தடையைக் கனடா 1947இல் நீக்கியது. அதற்கடுத்த ஆண்டே இலங்கை நாடாளுமன்றம் மலையகத் தமிழர் பல இலட்சம் பேரை நாடற்றவராக்கியது. தந்தை செல்வா தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்து 1949இல் தமிழரசுக் கட்சியை நிறுவியதற்கு இப்பிரச்சினை முக்கிய காரணம். அம்மக்களின் வழிவந்த பலர் இன்று கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் நம் அயலவராக வாழ்கின்றனர்.

விசாச் செய்திகளுக்கும் முகவர் விளம்பரங்களுக்கும் இடமளிக்கும் பத்திரிகைகள் இச்சட்டங்களின் வரலாற்றையும் தொடராக வெளியிட வேண்டும். காணியை ஈடுவைத்துப் பிள்ளையை அனுப்ப முனையும் பெற்றோருக்கு, முகவரின் வாக்குறுதியைவிட அது பயன்படும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கொக்குவில்.