திங்கட்கிழமை வகுப்புக்குப் போகிறேன், அதற்கு முன்னால் உங்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

வருகிற திங்கட்கிழமை முதல் நாகர்கோவிலில் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் வரலாற்றுத் துறை உதவிப் பேராசிரியர். ஆர்டர் கைக்கு வந்து நாலு நாள் ஆகிறது. போன் செய்தவர்களிடமெல்லாம் "சரி, சந்தோஷம்" என்று அவசரமாக முடித்துவிட்டேன், அது போதாது என்று உறுத்திக்கொண்டே இருந்ததால் இந்த மடல்.

முதலில் அப்பா. கல்லூரி ஆசிரியர் வேலைக்கான நெட் தகுதித் தேர்வில் இரண்டு தடவை தோற்றேன். வரலாற்றில் நல்ல மார்க்தான், எல்லாப் பாடத்துக்கும் பொதுவான முதல் தாள்தான் காலை வாரியது. அதில் 50 கேள்வி, தவறான விடைக்கு மார்க் குறைப்பதும் கிடையாது, ஆனாலும் சதவீதம், அட்டவணை என்று வந்துவிட்டால் எனக்குக் கை நடுங்கும். குலசேகரம் பக்கம் முப்பது வருடமாக ரப்பர் பால்வெட்டுகிற அப்பா, ஒரு நாள் கட்டன் சாயாவைக் கையில் வைத்துக்கொண்டு, "இது நம்ம டி.ஆர்.சி. கணக்குதானே" என்றார். நூறு கிலோ ரப்பர் பாலில் உலர்ந்த ரப்பர் 35 கிலோ இருந்தால் டி.ஆர்.சி. 35. தண்ணீர் கலந்து அது 28 ஆகிவிட்டால் எத்தனை சதவீதம் நஷ்டம்? நான் ஏழு என்றேன். "ஏழு இல்ல மக்களே, முப்பத்தஞ்சில ஏழு போனா இருபது சதவீதம். கடைக்காரன் அப்படித்தான் என் காசைக் குறைப்பான்." எம்.ஏ. படித்த நான் அன்றைக்குத்தான் சதவீதம் படித்தேன். மூன்றாவது தடவை பாஸ்.

அப்புறம் என் ஓய்வுபெற்ற பேராசிரியர். பெயர் போட்டால் திட்டுவார், அதனால் சார் என்றே சொல்கிறேன். மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தது 1806, நாகர்கோவில் ஸ்காட் பள்ளி கல்லூரியானது 1893 என்று நான் மளமளவென்று ஒப்பிப்பேன், அவர் கையைக் காட்டி நிறுத்துவார். "வருஷம் புத்தகத்தில இருக்கு, வகுப்புக்கு நீ எதுக்கு?" மாதிரி வகுப்புக்கு, நாடார் பெண்கள் மேலாடை உடுத்தும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தை எடுத்துக்கொண்டேன், 1859இல் திருவிதாங்கூர் மகாராஜா ஆணை போட்டார், உரிமை கிடைத்தது என்று முடித்தேன். "ஆணையைப் பூராவும் படிச்சியா?" என்றார். படித்திருக்கவில்லை. மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை அந்த ஆணையிலேயே இருக்கிறது. என் பாட்டியின் பாட்டி காலத்துக் கதை, இதே மண்ணில் நடந்தது, அதைக்கூடப் பாதியோடு விட்டிருக்கிறேனே என்று வெட்கமாகிவிட்டது. நேர்காணலில் குழுவினர் நிறுத்தி நிறுத்திக் கேட்டதும் அந்த இடத்தைத்தான்.

என் பெரிய வியாதி வேகம். அதைச் சரி செய்தது எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள், கூடவே சித்தி. உபதேசியார் மாலையில் மண்டபத்தைத் திறந்துகொடுப்பார், பிள்ளைகள் முன்வரிசையில், சித்தி கடைசிப் பெஞ்சில், மடியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு. குரல் எட்டவில்லையென்றால் ஒரு காம்பைத் தூக்கிக் காட்டுவார். வேகம் கூடினால் "பைய, பைய" என்று சத்தமே போடுவார். பிள்ளைகளுக்கு அதுதான் வகுப்பில் பிடித்த பகுதி.

நடுவில் ஒரு கசப்பும் உண்டு. வேறொரு இடத்தில் என்னை வகுப்பெடுக்கவே சொல்லவில்லை, எவ்வளவு பணம் புரட்ட முடியும் என்று மட்டும் கேட்டார்கள். மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே நின்று அழுதபோது ஸ்கூட்டரில் வந்து ஏற்றிக்கொண்டு போய், ஒரு வார்த்தை கேட்காமல் மரச்சீனியும் மீன்கறியும் வாங்கிக் கொடுத்தாளே என் தோழி, அவளுக்கு இந்த ஒரு வரி போதாதுதான். திருநெல்வேலியில் விழுந்த தேர்வு மையத்துக்கு மூன்று தடவையும் கூட வந்தவள் அவள். இரண்டாவது தடவை பஸ்ஸில் எனக்கு வாந்தி, அவள் துப்பட்டா போயிற்று. புதிது வாங்கி வைத்திருக்கிறேன்.

அம்மாவைப் பற்றி எழுதினால் அழுதுவிடுவேன், நேரில் சொல்லிக்கொள்கிறேன்.

உபதேசியார் ஐயா, மண்டபச் சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வரும்போது தருகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் இன்னொரு தடவை திறந்துகொள்ளட்டுமா? சித்தி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.