வெள்ளோட்டு ஏரிக்கரை ஊர்க்காரர்களுக்கு ஒரு நன்றி மடல்

வடமுகம் வெள்ளோட்டைச் சுற்றியுள்ள ஊர்களின் பெரியவர்களுக்கும் அண்ணன், அக்காமாருக்கும், முக்கியமாகப் பொடிசுகளுக்கும் வணக்கமுங்க.

ஏரிக்கு வரும் பறவைகளுக்காக இந்தத் தீபாவளிக்கும் உங்கள் பக்கம் வெடிச்சத்தம் இல்லை. கம்பி மத்தாப்போடு நிறுத்திக்கொண்டீர்கள். பல வருசமாக நீங்களே பேசிவைத்துச் செய்துவருகிற காரியம் இது. 2022இல் நம் ஏரிக்கு ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், இடம் கிடைத்ததெல்லாம் அப்புறம் வந்த மரியாதை.

ஐப்பசியில்தான் வலசைப் பறவைகள் வந்து இறங்குகின்றன. கொசு உள்ளான் என்கிற குட்டிப் பறவையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்க்டிக் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு வருகிறது. சாதாரணமாக 30 கிராம்கூட எடை தேறாது. உடம்பில் சேர்த்த கொழுப்பை எரித்துத்தான் அவ்வளவு தூரமும் பறக்கிறது. வந்த அலுப்புத் தீரச் சேற்றில் பொறுக்கித் தின்னும் நேரத்தில் ஒரு வெடி வெடித்தால் கூட்டமே எழும்பிவிடும். தின்றதெல்லாம் அந்தப் பறப்பிலேயே போச்சு.

தீபாவளிக்கு மறுநாள் காலையில் வந்தபோது தண்ணீரில் வாத்துகள் மிரளாமல் நிம்மதியாக மிதந்துகொண்டிருந்தன. ஊசிவாலன், தட்டைவாயன் எல்லாம் இருந்தன. நீலச்சிறகி வாத்துதான் அடையாளம் பிடிபடாமல் எங்களைப் படுத்தியது. இந்தப் பருவத்தில் ஆணும் பெட்டையைப் போலவே பழுப்பாக இருக்கும், கண்ணுக்கு மேல் வரும் வெள்ளைக் கோடு இன்னும் வந்திருக்காது. பறவை பார்க்கும் கோபுரத்தில் இருந்த வனத்துறைக் காவலர்தான், "பொறுங்க சார், இறக்கையை விரிக்கட்டும்" என்றார். விரித்தது, தோள்பக்கம் சாம்பல் கலந்த நீலம் பளிச்சென்று தெரிந்தது. அவருக்கும் நன்றி.

கரையில் வெள்ளாடு மேய்த்த ஆத்தாவுக்குத் தனி நன்றி. "அந்தக் கருவேலாமரத்துல புதுசா ஒரு குருவி கத்துது பாரு கண்ணு" என்று கை காட்டினார். கண்ணை மறைத்துக் கறுப்புப் பட்டை கட்டியபடி உட்கார்ந்திருந்தது பழுப்புக் கீச்சான். எங்கள் டெலஸ்கோப்பு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஃபேர் ஐல் என்று ஒரு குட்டித் தீவு. செப்டம்பர், அக்டோபரில் காற்றில் வழிதவறி ஒதுங்கும் பறவைகளைப் பார்க்கவே அங்கே ஆட்கள் போகிறார்கள். எங்களுக்கு ஈரோட்டிலிருந்து சென்னிமலை ரோட்டைப் பிடித்தால் போதும், அதுவும் உங்கள் புண்ணியத்தில்.

பக்கத்து டவுனில் சரவெடி கேட்கும்போது மத்தாப்போடு நிற்பது பிள்ளைகளுக்குச் சுலபமில்லை. பொங்கலுக்குப் பறவை எண்ண வருவோம். அவர்களை அனுப்பிவையுங்கள், டெலஸ்கோப்பில் முதல் பார்வை அவர்களுக்குத்தான்.

அன்புடன்,
ஈரோட்டிலிருந்து பறவை பார்க்க வருகிறவர்கள்