சனிக்கிழமைகளைப் பற்றி அப்பாவுக்கு

விக்டோரியா, ஆஸ்திரேலியா

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் இங்கு நலம். சென்ற வாரம் தொலைபேசியில் பேசி முடிக்கும் நேரத்தில், "சம்பளம் இல்லாத வேலைக்குச் சனிக்கிழமை தோறும் ஏன் ஓடுகிறாய்?" என்று கேட்டீர்கள். அப்போது அருகில் ஆட்கள் இருந்ததால் என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. உங்கள் கேள்வி நியாயமானது. அதனால் இந்தக் கடிதம் முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

நான் சேர்ந்திருப்பது இவ்வூர் ரோட்டரி சங்கத்தில். 1905ஆம் ஆண்டு சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் மூன்று நண்பர்களோடு கூடித் தொடங்கிய அமைப்பு இது. ஒருவர் மாற்றி ஒருவர் அலுவலகத்தில் சுழற்சி முறையில் கூடியதால் அந்தப் பெயர் வந்தது. ஆஸ்திரேலியாவின் முதல் சங்கம் 1921இல் மெல்போர்னில் அமைந்தது. வந்த புதிதில் நானும் இதை, நன்கொடை கொடுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் பெரியவர்களின் கூட்டம் என்றுதான் நினைத்திருந்தேன். உடன் வேலை பார்க்கும் ஒருவர், அறையில் தனியாக உட்கார்ந்திருப்பதற்குப் பதிலாக ஒரு மாலை தன்னோடு வரும்படி அழைத்ததால்தான் போனேன். அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். எழுபது வயதுக்காரரையும் இங்கே பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அது என் வாயில் வருவதற்கு ஆறு மாதம் பிடித்தது.

மூன்றாவது மாதமே ஒரு பொறுப்பைக் கொடுத்தார்கள். இங்கே சேவைச் சங்கங்கள் நிதி திரட்டுவதற்குக் கடைத்தெருவில் அடுப்பு வைத்து, சாசேஜ் என்ற இறைச்சிக் குழலைச் சுட்டு, ரொட்டியில் வைத்து விற்பது பழக்கம். அந்த ஒருநாள் கடையை நடத்தும் பொறுப்பு எனக்கு வந்தது. ஊராட்சி அலுவலகத்துக்கு முன்கூட்டியே தெரிவிப்பது, ரொட்டி வாங்குவது, ஆட்களுக்கு நேரம் பிரித்துக் கொடுப்பது என்று எல்லாவற்றையும் பட்டியல் போட்டு வைத்திருந்தேன். ஆனால் அன்று காலை நானே வெங்காயம் நறுக்கினேன், நானே அடுப்பருகில் நின்றேன், நானே காசும் வாங்கினேன். பதினொரு மணிக்கு வரிசை நீண்டுவிட்டது. ஒரு பக்கம் சாசேஜ் கருகியது, மறு பக்கம் உதவிக்கு வந்திருந்த நான்கு பள்ளிப் பிள்ளைகள் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் கைகட்டி நின்றார்கள். எங்கள் சங்கத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் இருக்கிறார். அவர் அருகில் வந்தார். இடுக்கியை என் கையிலிருந்து வாங்கிக்கொள்வார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் வாங்கவில்லை. தாழ்ந்த குரலில், "காசுப் பெட்டியை யாரிடம் கொடுக்கப் போகிறாய்?" என்று மட்டும் கேட்டார். வரிசைக்குப் பக்கத்தில் நின்றிருந்த பதினைந்து வயதுப் பெண்ணிடம் பெட்டியைக் கொடுத்தேன். அவள் உடனே நாணயங்களை வகை பிரித்து அடுக்கி, ஒரு தாளில் கோடு போட்டு எண்ணிக்கை எழுத ஆரம்பித்தாள். மாலையில் கணக்குப் பார்த்தபோது ஒரு காசுகூடக் குறையவில்லை.

அப்பா, தலைமையாசிரியையின் அந்தக் கேள்வியைப் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இளையவர்களுக்கு ஆதரவு தருவது என்றால் பணமும் பாராட்டும் கொடுப்பது என்று எண்ணியிருந்த எனக்கு, உண்மையான பொறுப்பைக் கையில் கொடுத்துவிட்டு, அது தடுமாறும்போது பறித்துக்கொள்ளாமல் அருகிலேயே நிற்பதுதான் அந்த ஆதரவு என்பது அன்றுதான் விளங்கியது. பறித்துக்கொள்ளாமல் நிற்பது எவ்வளவு கடினம் என்பதையும் அதே நாளில் கற்றுக்கொண்டேன்.

அதற்காகச் சங்கத்தார் எதையும் கவனமில்லாமல் ஒப்படைப்பதில்லை. சிறுவர்களோடு பணி செய்பவர்கள் இம்மாநிலச் சட்டப்படி அரசின் பின்னணிச் சரிபார்ப்பு அட்டை பெற வேண்டும். தொண்டர்களுக்கு அதற்குக் கட்டணம் இல்லை. அந்த அட்டை வந்த பிறகே பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வேலைகளில் என்னைச் சேர்த்தார்கள். இந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

கடந்த டிசம்பரில் சங்கம் என்னை ரைலா என்ற தலைமைப் பயிற்சி முகாமுக்கு அனுப்பியது. ரோட்டரி இளைஞர் தலைமைத்துவ விருது என்பதன் சுருக்கம் அது. உலகம் முழுவதும் நடக்கும் இந்த முகாம் பிறந்தது இந்த நாட்டில்தான் என்பதில் இவர்களுக்குப் பெருமை உண்டு. 1959இல் குயின்ஸ்லாந்து மாநிலம் தன் நூற்றாண்டைக் கொண்டாடியபோது, பிரிட்டிஷ் இளவரசி அலெக்சாண்ட்ராவின் வருகையையொட்டி, அவர் வயதை ஒத்த இளைஞர்களை ரோட்டரி சங்கங்கள் பிரிஸ்பேனில் ஒன்றுகூட்டின. அது ஆண்டுதோறும் தொடர்ந்து, 1971இல் உலக ரோட்டரி அமைப்பின் அதிகாரபூர்வத் திட்டமானது. முகாம் கட்டணம் முழுவதையும் சங்கமே செலுத்தியது. திருப்பித் தர வேண்டும் என்றோ, இத்தனை ஆண்டு உறுப்பினராக இருக்க வேண்டும் என்றோ நிபந்தனை வைக்கவில்லை. திரும்பி வந்து ஒரு கூட்டத்தில் பத்து நிமிடம் பேசினால் போதும் என்றார்கள்.

முகாமில் எட்டுப் பேர் கொண்ட குழுக்களாக எங்களைப் பிரித்தார்கள். ஒருநாள் கயிறும் மூங்கிலும் கொடுத்து ஒரு மேடை கட்டச் சொன்னார்கள். குழுவில் அதிகம் பேசுபவர் அன்று வாய் திறக்கக் கூடாது என்பது விதி. எங்கள் குழுவில் அது நான்தான். முதல் அரைமணி நேரம் நெஞ்சு அடைத்தது போலிருந்தது, ஏனென்றால் கட்டு தவறாக விழுவது எனக்குத் தெரிந்தது. பிறகு, நான்கு நாளாக வாய் திறக்காமலிருந்த ஒரு தச்சர் எழுந்து, கட்டை அவிழ்த்து, குறுக்குமூங்கிலை இடம் மாற்றினார். மேடை எங்கள் எட்டுப் பேரையும் தாங்கியது. நான் பேசிக்கொண்டே இருந்திருந்தால் அவர் எழுந்திருக்கவே மாட்டார்.

மற்ற சங்கங்களும் இதே அக்கறையோடு இருக்கின்றன. இங்குள்ள அரிமா சங்கத்தார் பதினைந்து முதல் பத்தொன்பது வயதுள்ள மாணவர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு போட்டி நடத்துகிறார்கள். ஐந்து நிமிடம் தயாரித்த உரை. பிறகு முன்பே தெரியாத இரண்டு கேள்விகளுக்குத் தலா இரண்டு நிமிடப் பதில். ஒரு பையன் இரண்டாவது கேள்விக்கு நின்றுபோனான். அரங்கு முழுவதும் பொறுமையாகக் காத்திருந்தது, யாரும் அவனுக்குச் சொல் எடுத்துக் கொடுக்கவில்லை, அவனே தொடர்ந்தான். ஜிலாங் நகரில் 1930ஐ ஒட்டி மூன்று இளம் கட்டடக் கலைஞர்கள் தங்கள் வயதினருக்கென்று தொடங்கியது ஏபெக்ஸ் சங்கம். நாற்பது வயதுக்கு மேல் அதில் இருக்க முடியாது என்று வரம்பும் வைத்தார்கள். இளையவர்களுக்கு இடம் வேண்டும் என்றால் பெரியவர்கள் எழுந்துகொள்ள வேண்டும் என்பதை அன்றே விதியாக எழுதிவைத்தவர்களை நான் மதிக்கிறேன்.

குறையையும் சொல்ல வேண்டும். 1968இல் தொடங்கிய ரோட்டராக்ட் என்ற ரோட்டரியின் இளைஞர் சங்கங்களில் இருந்தவர்கள் ஐம்பது ஆண்டுக்கு மேலாக ரோட்டரியின் ஒரு திட்டத்தில் பங்கேற்பவர்களாகவே கருதப்பட்டார்கள். 2019இல்தான் அச்சங்கங்களுக்கு ரோட்டரியின் உறுப்புச் சங்கங்கள் என்ற நிலை கிடைத்தது; மறு ஆண்டு முப்பது வயது என்ற உச்சவரம்பும் நீக்கப்பட்டது. பெண்களுக்கு எல்லா நாடுகளிலும் கதவு திறந்ததே 1989இல்தான். எங்கள் தலைமையாசிரியை போன்றவர்கள் அதுவரை வெளியே நிறுத்தப்பட்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ரோட்டரி ஆண்டு ஜூலை முதல் தேதி தொடங்கும். இவ்வாண்டு இளைஞர் பணிக்கான பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த முகாமுக்கு எங்கள் சங்கம் இரண்டு பேரை அனுப்பும்; விண்ணப்பித்தவர்கள் ஐந்து பேர். அவர்களில் ஒருவன் இரவுப் பணியில் ரொட்டி சுடுபவன். "எனக்குக் கூட்டத்தில் பேச வராது, ஆனால் வேலையைப் பிரித்துக் கொடுக்கத் தெரியும்" என்று மூன்றே வரி எழுதியிருக்கிறான். வியாழக்கிழமை நேர்முகம். கேள்விகளை நானே கேட்க வேண்டும், தான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாகத் தலைமையாசிரியை சொல்லியிருக்கிறார். அன்று காலை அவன் வேலை முடிந்து நேராக வருவான் என்பதால், நேரத்தை எட்டு மணிக்கு மாற்றிவைத்திருக்கிறேன்.

யாரைத் தேர்ந்தெடுத்தோம் என்று அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். அம்மாவிடம் என் அன்பைச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகன்