குடலுக்கு மருந்தாகும் வைரஸ்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. ஆன்டிபயாட்டிக் முடித்த பத்தே நாளில் அக்காவுக்கு மறுபடியும் பேதி கண்டது என்று படித்தபோது மனம் சங்கடப்பட்டது. வைரஸைக் குடிக்கக் கொடுத்தே குடல் கிருமியைக் கொல்லலாமாமே, உண்மையா என்று கேட்டிருந்தாய். உண்மைதான், நூறாண்டுப் பழைய செய்தியும்கூட.

1915-இல் பாரிஸ் அருகே சீதபேதியால் அவதியுற்ற படைவீரர்களின் மலத்தை வடிகட்டி ஆராய்ந்த நுண்ணுயிரியலாளர் ஃபெலிக்ஸ் தெரெல், நோய்க்கிருமிகளைக் கரைத்தழிக்கும் ஏதோ ஒன்று அந்த வடிநீரில் இருப்பதைக் கண்டு, 1917-இல் அதற்குப் பாக்டீரியோபேஜ் என்று பெயரிட்டார். 1919-இல் பாரிஸின் குழந்தைகள் மருத்துவமனையில் ஒரு சிறுவனுக்கு அதைக் கொடுப்பதற்கு முன், அவரும் உடனிருந்த மருத்துவர்களும் முதலில் தாங்களே குடித்துப் பார்த்தார்கள். அந்தத் துணிச்சல் எனக்கு வராது. சிறுவன் தேறிவிட்டான்.

பாக்டீரியாவைத் தாக்கும் இந்த வைரஸைச் சுருக்கமாக ஃபேஜ் என்பார்கள். அது எல்லாக் கிருமியையும் தொடாது. தனக்கு இசைந்த பாக்டீரியாவின் மேல் ஒட்டி, தன் மரபுப்பொருளை உள்ளே செலுத்தி, அங்கேயே பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளியேறும். ஆன்டிபயாட்டிக்கைப் போல நல்ல கிருமிகளையும் சேர்த்து வாரிக்கொண்டு போகாது என்பதே இதன் பெருமை, சிக்கலும் அதுவேதான். டாக்காவில் பேதி கண்ட 120 ஆண் குழந்தைகளிடம் நடத்தி, 2016-இல் வெளியிட்ட ஆய்வில், ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ்களை வாய்வழியே கொடுத்தும், வெறுங்கரைசல் குடித்தவர்களைவிட அவர்கள் விரைவாகக் குணமடையவில்லை. தீங்கும் நேரவில்லை. அந்தக் குழந்தைகளின் குடலில் ஈ.கோலை சிறு பங்குதான் இருந்தது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற வேறு பாக்டீரியா வகைகளே பெருகிக் கிடந்தன. இரை இல்லாத இடத்தில் ஃபேஜ் பெருகாமல் அப்படியே வெளியேறிவிட்டது. தோற்றுப்போன இந்த ஆய்வைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன், ஏனெனில் எந்தக் கிருமி என்று அறியாமல் கொடுக்கும் ஃபேஜ் வீண் என்பதை அது கண்முன் காட்டிவிட்டது.

ஆன்டிபயாட்டிக்குக்குப் பின் திரும்பத் திரும்ப வரும் பேதிக்குப் பல சமயம் கிளாஸ்டிரிடியாய்டிஸ் டிஃபிசீல் என்ற பாக்டீரியா காரணமாக இருக்கும். ஜெர்மனியின் கீல் நகரில் அப்படி அவதிப்பட்ட ஐந்து பேருக்கு, ஆரோக்கியமானவர்களின் மலத்திலிருந்து பாக்டீரியாக்களை முற்றிலும் வடிகட்டிவிட்டு எஞ்சிய நீரைக் குழாய் வழியே குடலுக்குள் செலுத்தினார்கள். குறைந்தது ஆறு மாதம் ஐவருக்கும் நோய் திரும்பவில்லை என்று 2017-இல் எழுதினார்கள். அந்த நீரில் ஃபேஜ்கள் ஏராளம் இருந்தன என்றாலும் பாக்டீரியாக்கள் விட்டுச்சென்ற வேறு பொருள்களும் இருந்தன. ஐந்து பேரை வைத்து ஃபேஜுக்கு மட்டும் மாலை போட முடியாது.

ஆகவே அக்காவுக்கு இப்போதே ஃபேஜ் தேடி நீ அலைய வேண்டாம். மலப் பரிசோதனையில் டிஃபிசீல் நச்சையும் சேர்த்துப் பார்க்க முடியுமா என்று மருத்துவரிடம் கேள். அதுவரை நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொள். அறிக்கை வந்ததும் அதில் எந்தக் கிருமியின் பெயர் இருக்கிறது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
மாணிக்கம்