பென்னாகரம் ரோட்டு மரம்

தருமபுரி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் நான் சொல்லப்போவது வருத்தமான சேதி. பென்னாகரம் ரோட்டில் டீ குடிக்க ஒதுங்குவோமே, அந்தத் தூங்குமூஞ்சி மரம் போன வாரக் கோடை மழையில் சாய்ந்துவிட்டது. கடை ஓரம் நின்ற ஒரு பைக் நசுங்கியது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

எல்லோரும் காற்றைத்தான் குறை சொன்னார்கள். மறுநாள் காலை போய்த் தூரைப் பார்த்தேன். ரோட்டுப் பக்கம் வேரே இல்லை மாப்பிள்ளை. கைத் தடிமன் வேர்கள் அடிமரத்திலிருந்து ஓரடிக்குள் ஒரே கோடாக வெட்டுப்பட்டு, கறுத்து, தொட்டால் உதிர்ந்தன. மூன்று வருஷம் முன்பு சாக்கடைக் கால்வாய்க்காக ஜேசிபி வாரிய பக்கம் அது. அன்றைக்கு மரம் வாடக்கூட இல்லை. இலை பச்சையாக இருந்ததால் நானும் நம்பிவிட்டேன்.

ஆணிவேர்தான் மரத்தைத் தாங்குகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். வளர்ந்த மரத்தின் பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணில், மூன்றடிக்குள்ளேயே பக்கவாட்டில் ஓடுகின்றன. கிளை விரிப்பையும் தாண்டிப் போகின்றன. நம் மரத்துக்கு இன்னொரு கொடுமையும் நடந்தது. கம்பியில் படுகிறதென்று ரோட்டுப் பக்கக் கிளைகளை மட்டும் வருஷா வருஷம் வெட்டினார்கள். பாரமெல்லாம் கடைப் பக்கம் சேர்ந்தது. எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிக்க வேண்டிய வேர்தான் ஏற்கெனவே போய்விட்டதே. மழையில் மண் ஊறிப் பிடி தளர்ந்ததும் காற்றுக்கு அதிக வேலை இருக்கவில்லை.

புயலெல்லாம் கடற்கரைக்காரர்கள் கவலை என்றும் இனி இருக்க முடியாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், கரை கடந்து வலுவிழந்த ஃபெஞ்சல் புயல், கடலே இல்லாத நம் பக்கத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டித் தீர்த்ததை நீயும் பார்த்தாய்.

இப்போது மிச்சமிருக்கும் இரண்டு புளியமரங்களையும் வெட்டச் சொல்லி மனு எழுதுகிறார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. அடியில் காளான் பூத்திருக்கிறதா, தட்டினால் பொந்துச் சத்தம் வருகிறதா, தூர் ஓரம் மண் வெடித்திருக்கிறதா என்று விவரம் தெரிந்தவரை வைத்துப் பார்க்கட்டும். ஆபத்து என்றால் எடுக்கட்டும். நன்றாக நிற்கும் மரத்தை ஏன் தொட வேண்டும்? மழைக்காலத்துக்கு முன்பு பட்டுப்போன கிளைகளை எடுத்து, எல்லாப் பக்கமும் சீராகக் கவாத்து செய்தால் போதும். மொட்டையடிப்பது மட்டும் கூடவே கூடாது. வெட்டிய முனையில் கிளம்பும் தளிர்கள் ஆழமாகப் பற்றாது; தடித்த பிறகு ஒரு காற்றில் பிய்ந்து விழும்.

விழுந்த இடத்தில் புங்கன் வைக்கலாம் என்றிருக்கிறேன். கவரில் வேர் சுருண்டுபோன பெரிய கன்று வேண்டாம், சின்னக் கன்றே போதும். சுருண்ட வேர் மண்ணில் இறங்கியும் சுருண்டே வளரும்.

அப்புறம், உன் தெரு வேம்பைச் சுற்றி அடிமரம் வரை பேவர் பிளாக் பதித்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாயே. மழை வருவதற்குள் சம்பந்தப்பட்டவர்களிடம் பேசி, சுற்றிலும் நாலடிக்காவது கல்லைப் பெயர்த்து மண்ணைத் திறந்துவிடு. வேருக்குத் தண்ணீரும் காற்றும் போகட்டும். பெயர்க்கும்போது வேரில் கடப்பாரை படாமல் நீயே பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்.

அன்புடன்,
உன் மச்சான்