கிணற்று நீரிலிருந்து குரோமியத்தை நீக்கும் மாதிரித் தொட்டிக்கு நன்கொடை வேண்டுகோள்

பேரன்புடையீர், வணக்கம்.

ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் குரோமேட் உப்புகளைத் தயாரித்துவந்த ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டபோது, ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத குரோமியக் கழிவு அங்கேயே குவித்து விடப்பட்டது. மழை பெய்யும்போதெல்லாம் அக்குவியலிலிருந்து கசியும், குரோமிய உலோகத்தின் நச்சு மிகுந்த வடிவமான குரோமியம்-6 சுற்றுவட்டார நிலத்தடி நீரில் கலந்துவருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். மாசு மிகுந்த கிணற்று நீரை வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றினால் மஞ்சள் நிறம் தெரியும். ஆனால் இந்த வரம்பைப் பல மடங்கு தாண்டிய நீரும் கண்ணுக்குத் தெளிவாகவே இருக்கக்கூடும் என்பதுதான் எங்கள் பெருங்கவலை.

குரோமியம்-6 நீரில் எளிதில் கரைந்து நீரோடு நகரக்கூடியது, புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. பேசில்லஸ், சூடோமோனாஸ் இனங்களைச் சேர்ந்த பல பாக்டீரியாக்கள் இதனை நச்சுத்தன்மை மிகக் குறைந்த குரோமியம்-3 ஆக மாற்றுகின்றன. அது நீரில் கரையாமல் சேறாகப் படிந்துவிடுவதால் வடிகட்டிப் பிரித்துவிடலாம். குரோமியம் ஊறிய மண்ணிலேயே இதைத் தாங்கி வாழப் பழகிய பாக்டீரியாக்கள் இருப்பதால், அவற்றையே பெருக்கிப் பயன்படுத்த இயலும்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள ஹிங்க்லியில், குரோமியம் கலந்த நிலத்தடி நீரைச் சீர்செய்ய எத்தனாலை நிலத்துக்குள் செலுத்தி மண்ணிலுள்ள பாக்டீரியாக்களைப் பெருக்கினார்கள். இம்முறையில் மண்ணிலிருக்கும் மாங்கனீசு, ஆர்சனிக் போன்றவை கரைந்து நீரில் சேர வாய்ப்புண்டு என்பதால், நிலத்துக்குள் எதையும் செலுத்தாமல், நீரை இறைத்துத் தரைக்கு மேல் மூடிய தொட்டியில் சுத்திகரிப்பதென எங்கள் குழு முடிவு செய்துள்ளது. ஜல்லி நிரப்பிய அத்தொட்டியில் பாக்டீரியாக்கள் படலமாக வளரும். அவற்றுக்குச் சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகான மொலாசஸ் உணவாகும். வெளிவரும் நீரில் டைபீனைல் கார்பசைடு கரைசலைச் சில துளிகள் விட்டால், குரோமியம்-6 எஞ்சியிருக்கும்பட்சத்தில் ஊதா நிறம் தோன்றும். இச்சோதனையை நாள்தோறும் செய்வோம்.

தொட்டியில் குரோமியம் அழிந்துபோவதில்லை, சேற்றில் தங்குகிறது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அச்சேற்றை வயலிலோ ஏரியிலோ கொட்டினால் இத்தனை உழைப்பும் வீண். ஆகவே அபாயக் கழிவு விதிகளின்படி அதனைக் கும்மிடிப்பூண்டியிலுள்ள பாதுகாப்பான நிலநிரப்பு வளாகத்துக்கு அனுப்ப வேண்டும். திட்ட மதிப்பீடான 6 லட்சம் ரூபாயில் பாதிக்கு மேல் இதற்கும் ஆய்வகப் பரிசோதனைக்குமே ஒதுக்கியுள்ளோம். தொட்டி கட்டப் பணம் தருபவர்கள் கிடைக்கிறார்கள். சேறு அள்ளவும் நீரைப் பரிசோதிக்கவும் தருபவர்கள் கிடைப்பது அரிது. அந்தச் செலவுக்கே தங்கள் உதவியை முதன்மையாக வேண்டுகிறோம்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி கிடைத்த பிறகே பணி தொடங்கும். அனுமதி கிடைக்காவிட்டால் நன்கொடை முழுவதும் திருப்பித் தரப்படும். சுத்திகரித்த நீர் முதற்கட்டத்தில் குடிப்பதற்கு வழங்கப்படாது. ஆய்வு முடிவுகள் மாதந்தோறும் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டப்படும். நன்கொடையைக் குழுவின் பொருளாளரிடம் காசோலையாகவோ ரொக்கமாகவோ செலுத்தி, குழு முத்திரையிட்ட ரசீதைத் தவறாமல் பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கிணற்று நீர் மீட்புக் குழுவினர்